மூன்று காகிதத்தைச் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. "நான் செய்ததை இதுவரை யாரும் செய்யவில்லை, பிறகு எப்படி இது எல்லோருக்கும் தோன்றக்கூடியது என்று காப்புரிமை அலுவலகத்தில் சொல்கிறார்கள்?" சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும் என்று மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (பல்லடம்): ஐயா, எங்கள் தோட்டத்துக் கிணறு வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மோட்டார் ரூமில் செல்போன் சிக்னலே கிடையாது, அதனால் கடையில் விற்கிற மொபைல் ஸ்டார்ட்டர் (போனிலிருந்தே மோட்டாரைப் போடுவது) அங்கே உதவாது. வீட்டு மாடியில் சிம் போட்ட ஒரு பெட்டி, மோட்டார் ரூமில் ஒரு பெட்டி, நடுவே லோரா என்கிற தொலைதூர ரேடியோ என்று நானே செய்தேன். காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்ட பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு 40 செட் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது, முன்பே வெளிவந்த மூன்று காகிதங்களைக் காட்டி. டி1 ஒரு மொபைல் ஸ்டார்ட்டர், டி2 லோராவில் தண்ணீர் மீட்டர் படிக்கிற கருவி, டி3 மோட்டார் பாதுகாப்பு ரிலே. மூன்றையும் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடும், இன்வென்டிவ் ஸ்டெப் (கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க படி) இல்லை என்கிறார்கள். மூன்றையும் சேர்த்த கருவி உலகத்தில் எங்காவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்!

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் "எங்காவது இருந்தால் காட்டு" என்பது அவர் கேட்காத கேள்விக்குப் பதில். அது புதுமை பற்றியது. உங்கள் கருவி அப்படியே ஒரே காகிதத்தில் முன்பே வெளியாகியிருந்தால்தான் புதுமை போகும், அந்தக் குற்றச்சாட்டை உங்கள் அதிகாரி வைக்கவே இல்லை. அவர் நிற்பது அடுத்த வாசலில். அங்கே கேட்கப்படுவது இதுதான்: முன்பு இருந்தவற்றிலிருந்து இதற்கு வந்து சேர, இந்த வேலை தெரிந்த ஒருவர் மண்டையைக் குடைந்திருக்க வேண்டுமா, இல்லை கை தானாகவே அங்கே போயிருக்குமா? நம் காப்புரிமைச் சட்டத்தில் 2(1)(ஜேஏ) பிரிவு இதற்கு இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது. இருக்கிற அறிவை விடத் தொழில்நுட்பத்தில் ஒரு முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு, அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். இந்த "அதோடு"வில்தான் நிறைய விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன.

அந்தத் "தேர்ந்தவர்" யார் என்பதை முதலில் மனதில் உருவாக்கிக்கொள்ளுங்கள். நீங்களும் இல்லை, நானும் இல்லை, ஐஐடி பேராசிரியரும் இல்லை. ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனியில் ஐந்தாறு வருடம் இருந்த ஒரு டிப்ளமாக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். விசித்திரம் என்னவென்றால் துறையில் வெளிவந்த எல்லாக் காகிதத்தையும் இவர் படித்திருக்கிறார் என்று சட்டம் கற்பனை செய்துகொள்கிறது, ஆனால் மேதை என்று நினைப்பதில்லை. அதற்காக முட்டாளும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007ல் கேஎஸ்ஆர் வழக்கில், அது காரின் ஆக்சிலரேட்டர் பெடலில் மின்னணு சென்சாரை எங்கே வைப்பது என்கிற சண்டை, இந்த ஆள் சாதாரண அளவு கற்பனை உள்ளவர், வெறும் இயந்திரப் பொம்மை இல்லை என்று சொல்லிவைத்தது. அந்த வழக்குக்குப் பிறகு அங்கே ஒட்டுப்போட்ட காப்புரிமைகள் பல கழன்று விழுந்தன.

இப்போது அவர் கையில் டி1ஐக் கொடுத்து "மோட்டார் ரூமில் சிக்னல் வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். டீ குடித்து முடிப்பதற்குள் லோரா என்பார். ஒன்றிரண்டு கிலோமீட்டர், குறைந்த பேட்டரி, சின்னச் சின்னத் தகவல் என்றால் இன்றைக்கு எல்லோரும் எடுப்பது அதைத்தான், டி2வும் அதைத்தான் செய்கிறது. ஆகவே உங்கள் முதல் கிளெய்ம் (இது எனக்கு மட்டுமே உரியது என்று விண்ணப்பத்தில் கோருவது), அதாவது சிம் பெட்டி, லோரா, ஸ்டார்ட்டர் மூன்றும் சேர்ந்த ஏற்பாடு, நிற்காது. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக வாதாடி ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் கடிதத்தோடு கருவியை விவரிக்கிற ஸ்பெசிபிகேஷனையும் அனுப்பியிருந்தீர்களே, அதில் 11ஆம் பக்கத்தில் நாலே வரியில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு, ஏதோ கைமருந்து போலக் கடந்து போயிருக்கிறீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன். ஸ்டார்ட்டரில் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் "டக்" என்று ஒட்டுகிற நொடியில் வோல்டேஜ் தொய்கிறது, ரூமில் இருக்கிற பல்பு மங்கி எழுகிறது, அப்போது உங்கள் ரேடியோ பெட்டி செத்துப் பிழைக்கிறது, அனுப்பிய தகவல் காணாமல் போகிறது. கெப்பாசிட்டர் மாற்றிப் பார்த்தீர்கள், ஃபில்டர் போட்டீர்கள், மூன்று தடவை திரும்ப அனுப்ப வைத்தீர்கள், மூன்று மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் அந்தத் தொய்வு எல்லா நாளும் ஒரே நீளம் இல்லை என்று கவனித்தீர்கள். மணல் ஏறி பம்ப் இறுகினால் தொய்வு நீள்கிறது, ஷாஃப்ட் உடைந்து மோட்டார் சும்மா சுற்றினால் தொய்வு சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் செய்தது என்ன? மோட்டார் எடுக்கிற நேரத்தில் ரேடியோவை வேண்டுமென்றே வாயை மூடச் சொல்லிவிட்டு, ஒரு சின்னக் கெப்பாசிட்டரின் தயவில் அந்தத் தொய்வின் நீளத்தை மட்டும் எண்ணி, எல்லாம் அடங்கிய பிறகு அந்த ஒரு எண்ணை மாடிப் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மாடிப் பெட்டி அதைப் பார்த்து "மோட்டார் இறுகியிருக்கு" என்று உங்களுக்குப் போன் போடுகிறது.

அந்த டிப்ளமாக்காரரை மறுபடி கூப்பிடுங்கள். "கான்டாக்டர் ஒட்டும்போது ரேடியோ சாகிறது" என்றால் அவர் தொந்தரவை ஒழிக்கத்தான் பார்ப்பார். பெரிய கெப்பாசிட்டர், நல்ல ஃபில்டர், தனி பேட்டரி. நீங்களும் முதல் மூன்று மாதம் அந்தத் தேர்ந்தவராகத்தான் இருந்தீர்கள், நான்காவது மாதம் அந்தத் தொந்தரவையே செய்தியாகப் படித்தீர்கள். டி1லும் டி2விலும் அதற்கு ஒரு ஜாடைகூட இல்லை.

டி3 கொஞ்சம் இடிக்கும், அதை மறைக்க மாட்டேன். மோட்டார் எடுக்கிற நேரத்தை அளந்து கோளாறு கண்டுபிடிப்பது பாதுகாப்பு ரிலேக்களில் பழைய சங்கதி. ஆனால் அது வயரில் சிடி காயில் மாட்டி ஆம்பியரை அளக்கிறது, தகவல் அனுப்புகிற வேலையே அதில் இல்லை. உங்களுடையது தனி சென்சார் ஏதும் இல்லாமல், ரேடியோவின் சொந்த சப்ளையை வைத்தே அளக்கிறது, எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த அளவோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து முதல் கிளெய்மைக் குறுக்கி எழுதுங்கள். 59ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் முதலில் தாக்கல் செய்த ஸ்பெசிபிகேஷனில் இருப்பதை மட்டும்தான் கொண்டுவர முடியும், இருந்த கிளெய்மின் வரம்பை விட்டு வெளியேயும் போக முடியாது. அந்த நாலு வரியை எழுதிவைத்த கைக்கு ஒரு மோதிரம் போடலாம். என் கணக்கில் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பதில் எழுதும்போது அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள். டி1, டி2, டி3 என்று அடுக்கிவிட்டு "எனவே வெளிப்படையானது" என்று மட்டும் இருக்கிறதா, இல்லை ஏன் ஒருவர் இந்த மூன்றையும் சேர்க்கப் போவார் என்று காரணம் இருக்கிறதா? டில்லி உயர் நீதிமன்றம் 2022ல் அக்ரிபோர்டு வழக்கில், முன்பு இருந்தது என்ன, கண்டுபிடிப்பு என்ன, தேர்ந்தவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போவார் என்ற மூன்றையும் அதிகாரி பேசியே ஆக வேண்டும், இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மரியாதையாக அதைச் சுட்டிக்காட்டலாம். அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், கட்டணம் கட்டினால் இன்னும் மூன்று மாதம் வாங்கலாம். ஹியரிங் (நேரில் வாதாடும் வாய்ப்பு) கட்டாயம் கேளுங்கள்.

40 செட் விற்ற கதை? எழுதுங்கள், ஆனால் அதையே தூணாக நம்பாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாங்கியது சிக்னல் இல்லாத இடத்தில் மோட்டார் ஓடுகிறது என்பதற்காகவும், நீங்கள் ஊர்க்காரர், ரிப்பேர் என்றால் வந்து பார்ப்பீர்கள் என்பதற்காகவும். தொய்வின் நீளத்தைப் பார்த்து ஒருவரும் வாங்கவில்லை. விற்பனைக்கும் கிளெய்முக்கும் முடிச்சு இருந்தால்தான் அது சான்று. ஒருவேளை "உங்கள் பெட்டி சொன்னதால் மோட்டார் எரியாமல் தப்பித்தது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு கடிதம் 40 பில்லை விடப் பெறும்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): சார், ஐபோனில் விரலால் தள்ளித் திறப்பதற்கே ஆப்பிளுக்குப் பேட்டன்ட் கிடைத்ததே! எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்ப்பாளும் அப்படித்தான் தள்ளித் திறக்கும். அது மட்டும் எப்படி ஆப்வியஸ் (வெளிப்படையானது) இல்லாமல் போனது?

பதில்: தம்பி, எந்த நாட்டில் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரே சங்கதிக்கு மூன்று நாட்டில் தீர்ப்பு வந்தது, அதிலும் அமெரிக்காவில் மட்டும் முன்னும் பின்னுமாக.

ஆப்பிள் விண்ணப்பித்த தேதி 2005 டிசம்பர். அதற்கு முன்பே நியோநோட் என்கிற ஸ்வீடன் கம்பெனியின் என்1எம் போன் வந்துவிட்டது. அதில் திரையில் வலப்பக்கமாக விரலை இழுத்தால் பூட்டு திறக்கும். விரலோடு கூடவே நகர்கிற படம்தான் அதில் இல்லை. அது தவிர 1992ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையும் வீடியோவும் இருந்தன, தொடுதிரையில் ஸ்விட்சுகளை எப்படியெல்லாம் வரையலாம் என்பது பற்றி. தள்ளுகிற ஸ்விட்ச் அதில் உண்டு, ஆனால் அது சுவரில் மாட்டுகிற திரைக்கு.

இங்கிலாந்து நீதிபதி 2012ல், எச்டிசி என்கிற போன் கம்பெனியோடு ஆப்பிளுக்கு நடந்த வழக்கில், நியோநோட் போனைக் கையில் வைத்திருக்கிற ஒரு வடிவமைப்பாளருக்கு "நகர்கிற ஒரு படம் போட்டால் பயன்படுத்துகிறவருக்குப் புரியும்" என்று தோன்றாதா என்று கேட்டு, தோன்றும் என்று சொல்லி ரத்து செய்தார். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் 2015ல் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் சாம்சங் மேல் போட்ட வழக்கில் 2014ல் ஜூரி ஆப்பிள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வெளிப்படையானது என்று கவிழ்த்தார்கள், அதே அக்டோபரில் முழு அமர்வு எட்டுக்கு மூன்று என்று ஜூரி தீர்ப்பைத் திரும்ப நிறுத்தியது. இது உட்பட மூன்று காப்புரிமைகளுக்கும் சேர்த்து சாம்சங் கட்ட வேண்டியது 11.96 கோடி டாலர், உச்ச நீதிமன்றம் 2017ல் தலையிட மறுத்துவிட்டது.

முழு அமர்வு எதைப் பிடித்துக்கொண்டது என்பது சுவாரசியம். பையில் கிடக்கிற போன் தானாகவே யாருக்காவது போன் போட்டுவிடுகிறதே என்று தவிக்கிற ஒருவர், சுவரில் மாட்டுகிற திரையைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் போவாரா என்பது ஒன்று. மற்றது, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அதை முதன்முதலில் காட்டியபோது கூட்டம் ஆர்ப்பரித்த வீடியோ. கைதட்டலை சான்றாக எடுப்பதா என்று கேட்டால், சட்டத்தில் இடம் இருக்கிறது. 1966ல் கிரகாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்பனை வெற்றி, நெடுநாள் தேவை, மற்றவர்களின் தோல்வி மாதிரியான வெளிச் சான்றுகளையும் பார்க்கலாம் என்றது. துறைக்காரர்களின் பாராட்டும் பிற்பாடு அதில் சேர்ந்துகொண்டது. என் சொந்தக் கருத்து? நான் இங்கிலாந்து நீதிபதி கட்சி. மேடையில் ஆப்பிள் எதைக் காட்டினாலும் அந்தக் கூட்டம் கைதட்டியிருக்கும்.

பாட்டி வீட்டுத் தாழ்ப்பாளை நீதிமன்றத்தில் டி1ஆகக் காட்ட முடியாது, ஆனால் நீ கேட்டது தப்பில்லை. கதவில் பழகிய அசைவைக் கண்ணாடியில் படமாக வரைவது ஒரு படிதானா என்பதுதான் அந்த மூன்று நாட்டுச் சண்டையும்.

கேள்வி (மதுரை): எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ரெண்டு சிம் போனுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பிடுங்கிவிட்டன என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அவர் 2002ல் விண்ணப்பித்தார், 2008ல் கொடுக்கப்பட்டது, எண் 214388. அதைக் காட்டி 2009ல் சுங்கத்துறை மூலம் ரெண்டு சிம் போன்களின் இறக்குமதியையே நிறுத்தவைத்தார், அப்போது இந்தத் தொழிலே ஆடிப்போயிற்று. பிறகு கம்பெனிகள் ரத்து மனு போட, சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2012ல் ரத்து செய்தது. (அந்த வாரியமே 2021ல் கலைக்கப்பட்டுவிட்டது, இப்போது எல்லாம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன.) "பிடுங்கினார்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். கொடுக்கப்பட்ட காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி வழக்கு போட அதில் சம்பந்தம் உள்ள யாருக்கும் வழி உண்டு, கொடுத்த அறிவிப்பு வெளியான ஒரு வருடத்துக்குள் அலுவலகத்திலேயே எதிர்ப்பும் போடலாம். அலுவலகம் முத்திரை குத்திவிட்டதாலேயே அது இறுகிவிடுவதில்லை, ஈரச் சுவர் மாதிரிதான்.

இதை ஒட்டி ஒரு பொது விஷயம். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைப்பதை நம் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 3(எஃப்) பிரிவுப்படி, தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் அதனதன் பழைய வேலையைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. கிரைண்டருக்குள் ரேடியோவைப் பொருத்தினால் மாவும் அரையும், பாட்டும் கேட்கும், அவ்வளவுதான். ரேடியோ பாடுவதால் மாவு நன்றாக அரைபட்டால் அப்போது வாருங்கள், பேசலாம்.

போனுக்கும் அதேதான். இரண்டு சிம் இருப்பது அடுக்கல். ஒரே ரேடியோ ஒரே ஆன்டெனாவை வைத்து, ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற சிம்முக்கு அழைப்பு வருகிறதா என்று நெட்வொர்க்கைத் தவறவிடாமல் எப்படி எட்டிப் பார்ப்பது என்பதற்கு ஒருவர் வழி சொன்னால், அங்கே ஒன்று மற்றொன்றின் வேலையைத் தொடுகிறது. அந்த மாதிரி விண்ணப்பங்களில்தான் உயிர் இருக்கும்.

நம் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் பிடிமானமாக வைத்திருக்கிற தீர்ப்பு போன் பற்றியதே இல்லை, பாத்திரம் பற்றியது. உத்தரப்பிரதேசத்தில் பித்தளைப் பாத்திரங்களை லேத்தில் கெட்டியாகப் பிடித்துக் கடைவதற்கான ஒரு ஏற்பாட்டுக்கு வாங்கிய காப்புரிமை. பட்டறையில் வேலை செய்கிறவர் வழக்கமாகச் செய்துகொள்கிற திருத்தத்துக்கு மேலே ஏதாவது இருக்க வேண்டும் என்று 1978 டிசம்பரில் சொல்லி அதை ரத்து செய்தார்கள். பிஸ்வநாத் பிரசாத் வழக்கு என்று பெயர். இன்றைக்கு 5ஜி வழக்கிலும் வக்கீல்கள் அந்தப் பாத்திரத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி (திருச்சி, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர்): ஜெர்மனிக்காரர் ரைஸ் 1861லேயே தொலைபேசி செய்துவிட்டார் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் 1876ல் பெல்லுக்கு எப்படிக் காப்புரிமை நின்றது?

பதில்: ஐயா, உங்களுக்கு ரிசீவரைக் கழற்றிக் காட்டித்தான் பழக்கம், அதனால் நேரடியாகவே சொல்கிறேன். பள்ளி ஆசிரியரான ரைஸின் கருவியில் ஒரு சவ்வு அதிரும், அதோடு ஒரு தொடுமுனை ஒட்டி ஒட்டிப் பிரியும். கரண்ட் விட்டு விட்டுப் போகும். ஒரு நொடியில் எத்தனை தடவை விடுகிறது என்பது ராகத்தின் சுருதியைச் சொல்லிவிடும், ஆகவே இசை போயிற்று. ஆனால் "க"வுக்கும் "ப"வுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, அலையின் உருவத்தில் இருக்கிறது. விட்டு விட்டுப் போகிற கரண்ட்டில் உருவம் ஏறாது. பெல் கரண்ட்டை விடவே இல்லை, பேச்சின் அலை எப்படி ஏறி இறங்குகிறதோ அதே மாதிரி கரண்ட்டையும் ஏற்றி இறக்கினார்.

1881ல் பாஸ்டனில் நீதிபதி லோவெல் இதைப் பற்றி எழுதிய ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ரைஸை நூறு வருடம் மெருகேற்றிக்கொண்டே போனாலும், வெறும் செய்நேர்த்தியால் பேசும் தொலைபேசி வந்திருக்காது. 1888ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது, நாலுக்கு மூன்று என்று மயிரிழையில். (எதிர்த்த மூவரும் ரைஸுக்காக எதிர்க்கவில்லை, பெல்லுக்கு முன்பே தொலைபேசி செய்ததாகச் சொன்ன பென்சில்வேனியா மெக்கானிக் டிரபாவுக்காக. அது தனிக் கதை.) "வெளிப்படையாகத் தோன்றாதது" என்கிற சொல் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் ஏறியதே 1952ல்தான், ஆனால் அளவுகோல் இங்கேயே வந்துவிட்டது. போகிற பாதையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் எட்டிவிடுமா, இல்லை பாதையையே மாற்ற வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால் ரைஸ் கருவியின் தொடுமுனையை மெல்லத் திருகி, பிரியாமல் லேசாக அழுத்தியபடியே விட்டால் அது ஓரளவு பேச்சைக் கடத்தும். பெல்லின் எதிரிகள் அதைச் செய்து காட்டவும் செய்தார்கள். ஆனால் ரைஸ் அப்படித் திருகச் சொல்லவில்லை, ஒட்டிப் பிரியத்தான் சொன்னார். பதில் தெரிந்த பிறகு பழைய கருவியைப் பதிலுக்கு ஏற்றபடி திருகுவது சுலபம். நம் அதிகாரிகளும் சில சமயம் டி1ஐ இப்படித்தான் திருகுகிறார்கள்.

கேள்வி (சேலம்): எனது யோசனையைக் காட்டிய எல்லா இன்ஜினியர்களும் "இது வேலைக்கு ஆகாது" என்றார்கள். இப்போது வேலை செய்கிறது. அதே ஆட்கள் "இதில் என்ன இருக்கிறது, யாருக்கும் தோன்றுமே" என்கிறார்கள்!

பதில்: அவர்கள் முதலில் சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்களா? மின்னஞ்சல், வாட்ஸ்அப், எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

1942ல் ஆடம்ஸ் என்பவர், தண்ணீர் ஊற்றினால் போதும், ஓடத் தொடங்கும் என்கிற ஒரு பேட்டரியை அமெரிக்க ராணுவத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பக்கம் மெக்னீசியம், மறுபக்கம் குப்ரஸ் குளோரைடு என்கிற செம்பு உப்பு. ராணுவத்தின் சிக்னல் கோர், அதாவது தகவல் தொடர்புப் பிரிவு, அதன் நிபுணர்கள் நம்பவில்லை. பிறகு அவர்களே சோதித்து, நல்லதாக இருக்கிறது என்று கண்டு, அவரிடம் சொல்லாமலே பல கம்பெனிகளில் செய்யவைத்தார்கள். அவர் வழக்குப் போட்டபோது அரசு சொன்னது: மெக்னீசியமும் பழசு, குப்ரஸ் குளோரைடும் பழசு, ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போட்டது யாருக்கும் தோன்றும். 1966ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய காகிதங்கள் எல்லாம் இந்தப் பக்கம் போகாதே என்று எச்சரித்தன, நிபுணர்களும் நம்பவில்லை, இரண்டையும் மீறிப் போனவருக்குத்தான் காப்புரிமை.

ஆனால் "வேலைக்கு ஆகாது" என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன என்று பாருங்கள். தொழில்நுட்பக் காரணமாக இருந்தால் உங்களுக்குப் பலம். "செலவு அதிகம், யார் வாங்குவார்கள்" என்று சொல்லியிருந்தால் அது வியாபாரக் கவலை, அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சாதிக்க முடியாது.

கேள்வி (நாகர்கோவில்): ரேடியோவை உண்மையில் டெஸ்லாதான் கண்டுபிடித்தார் என்று 1943ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னதாமே?

பதில்: யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்கள். தீர்ப்பு மார்க்கோனியின் ஒரு காப்புரிமையைப் பற்றியது: அனுப்பும் பக்கம் இரண்டு, வாங்கும் பக்கம் இரண்டு என்று நான்கு சர்க்யூட்களையும் ஒரே அலைவரிசைக்கு ட்யூன் செய்வது. லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் மூவரின் முந்தைய வேலைகளையும் பார்த்தால், மார்க்கோனி அதற்கு மேல் வைத்ததில் கண்டுபிடிப்பு இல்லை என்று முக்கியமான கிளெய்ம்களைத் தள்ளினார்கள். அதிலும் ஸ்டோன்தான் பெரிதாக இடித்தார். ரேடியோ யாருடையது என்று அவர்கள் தீர்ப்பெழுதவில்லை. பாவம், அந்த வருடம் ஜனவரியிலேயே டெஸ்லா இறந்தும் போயிருந்தார்.

கேள்வி (ஓசூர்): என் வயர்லெஸ் இன்டர்காம் டிசைனை ஏஐயிடம் கொடுத்து "இது ஆப்வியஸா?" என்று கேட்டேன். "மிகவும் புதுமையானது, வாழ்த்துகள்" என்றது. நம்பலாமா?

பதில்: அது எல்லோருக்கும்தான் வாழ்த்து சொல்கிறது. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் பக்கத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் நீங்களே தேடுங்கள், இரண்டும் இலவசம். உங்கள் கருவியின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒன்றும் வராது, சந்தோஷப்பட்டுவிடுவீர்கள். அது தீர்க்கிற பிரச்சினையைப் போட்டுத் தேடுங்கள்: எதிரொலி, இடைஞ்சல், பேட்டரி சீக்கிரம் தீர்வது, எது உங்களுக்குத் தலைவலியாக இருந்ததோ அது. நெருங்கி வருகிற மூன்று காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பல்லடத்துக்காரருக்குச் சொன்ன டிப்ளமாக்காரரை உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, அந்த டிசைனைக் காட்டி வீடியோ ஏதாவது போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால் விண்ணப்பம் போகும்வரை போடாதீர்கள், உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான டி1 ஆகிவிடும். போட்டிருந்தால், எந்தத் தேதியில் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.